அரசு அலுவலகக் கட்டிடத்துக்குத் தொடுதிரை கியோஸ்க்: முதல் திரையில் என்ன வைப்பது?

நிரலன்_அண்ணாநகர் (கேள்வி)

வணக்கம். மதுரை அண்ணாநகரில் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் கடை வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடை பில், கல்யாண மண்டபம் புக்கிங், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவு, இதுவரை இந்த அளவு வேலைதான். போன மாதம் முதல் முறையாக ஒரு பொதுக் கட்டிடத்து வேலை வந்திருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம்; மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். மூன்று மாடி, பதினான்கு அலுவலகங்கள். கீழ்த்தள ஹாலில் இரண்டு தகவல் கியோஸ்க் நிற்க வேண்டும். 32 அங்குலத் தொடுதிரை, நெட்டுக்குத்தாக.

ஒரு வரைவு போட்டேன். மேலே முத்திரை, கீழே பதினான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் துறையின் பெயரும் ஒரு சின்னப் படமும். அடியில் ஓடும் செய்தி. ஓரத்தில் தேதி, வெயில் எத்தனை டிகிரி. கட்டத்தைத் தொட்டால் அந்தத் துறையின் பணிகள், அறை எண், மாடி வரைபடம் வரும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அம்மாவிடம் காட்டும் வரை.

அம்மா எட்டாவது வரை படித்தவர். தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பவர். "அப்பத்தா நிலத்துல உங்க பேரச் சேர்க்கணும், எங்க போகணும்னு இதுல பாருங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பதினான்கையும் முடித்துவிட்டு, "இதுல பட்டா ஆபீஸே இல்லையேடா" என்றார்.

அன்றிலிருந்து கை ஓடவில்லை. துறைவாரியாக அடுக்காமல் வேறு எப்படி அடுக்குவது? அப்புறம் சில சில்லறைச் சந்தேகங்கள். பெயரைத் தட்டித் தேட தமிழ் விசைப்பலகை வைத்தால் எந்த அமைப்பில் வைப்பது? திரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? குரல் வசதி அவசியமா, சும்மா காட்சிக்கா? பெட்டி செய்பவர் தனி ஆள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கூடல்_குசும்பன்

எதை வைத்தாலும் சரி, மேலே ஒரு தாள் ஒட்ட இடம் விட்டு வையுங்கள். நான் பார்த்த ஒரு தொடுதிரையின் நட்டநடுவில் "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

விசாரணை_மேஜை

தம்பி, உங்கள் அம்மா சொன்னதை எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் ஒரு பொதுக் கட்டிடத்தில் "விசாரணை" என்று பலகை வைத்த மேஜையில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்தவள். எந்தக் கட்டிடம் என்று கேட்காதீர்கள், பென்சன் வாங்குகிறேன். கடைசி ஆறு வருடம் என் மேஜைக்கு நாலடி தள்ளி ஒரு தொடுதிரை மிஷின் நின்றது. கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதன் முன்னால் வந்து நின்றவர்களின் முகத்தைத் தினமும் பார்த்தேன்.

துறையைத் தேடி யாரும் வருவதில்லை. கையில் ஒரு தாளோடு வருகிறார்கள். நோட்டீஸ், மனு ரசீது, நாலாக மடித்த பழைய பத்திரத்தின் ஜெராக்ஸ், பிள்ளையின் டிசி, வீட்டில் இறந்துபோனவரின் சான்றிதழ். தாள் இல்லாதவர் யாரோ சொல்லியனுப்பிய ஒரு சொல்லோடு வருவார். "வாரிசு வாங்கிட்டு வரச் சொன்னாங்க." "பென்சன் ரெண்டு மாசமா ஏறல." "வில்லங்கம் போடணும்." "சப்டிவிசன் பண்ணணுமாம்." இந்தச் சொற்களைத்தான் முதல் திரையில் வைக்க வேண்டும். முதியோர் பென்சனுக்குப் போக வேண்டிய அறையின் வாசலில் "தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்" என்று எழுதியிருக்கும். எழுபது வயதுக்காரர் அதை வாசித்துத் தன் பென்சன் அங்கேதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? பத்திரம் பதிவுத்துறையில், பட்டா வருவாய்த்துறையில் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் நிலம்தானே, ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். அவர்கள் நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதனால் முதல் திரையில் ஒரே ஒரு கேள்வி போதும்: "என்ன வேலையாக வந்தீர்கள்?" அதன் கீழே ஏழெட்டு வரி, ஒவ்வொன்றும் ஒரு விரல்கடைக்குக் குறையாத பெரிய எழுத்தில். பட்டா. வாரிசுச் சான்று. சாதி, வருமானம், இருப்பிடச் சான்று. முதியோர், விதவை பென்சன். ரேஷன் கார்டு. ஆதார். கொடுத்த மனு என்ன ஆச்சு. கடைசியாக "இதில் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அதைத் தொட்டால் மேஜையில் இருக்கிற ஆளைக் காட்ட வேண்டும். படம் போடுவதானால் அந்தத் தாளின் போட்டோவையே போடுங்கள். கார்ட்டூன் படம் வேண்டாம். எங்கள் மிஷினில் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக ஒரு குட்டி வீடு வரைந்திருந்தார்கள். வீட்டு வரி கட்ட வந்தவர்கள் எல்லாம் வரிசையாக அதைத்தான் தொட்டார்கள். தொட்டால் மறுபடி முதல் பக்கம். மறுபடி வீடு. ஒரு பெரியவர் அதை நாலு தடவை செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

ஓடும் செய்தி, வெயில் டிகிரி இதெல்லாம் எதற்கு? வெளியே நின்றுவிட்டுத்தானே உள்ளே வருகிறார்கள். எங்கள் மிஷினில் யாரும் தொடாதபோது திட்ட விளம்பரம் ஓடும். அதைப் பார்த்தவர்கள் டிவி என்று நினைத்துக்கொண்டார்கள். எதிரே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு. சும்மா இருக்கும்போது திரையும் சும்மா இருக்கட்டும், "இங்கே தொடுங்கள்" என்ற இரண்டு சொல்லோடு. தொடவே பயப்படுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். "கெட்டுப்போச்சுன்னா நம்ம தலையில கட்டிருவாங்க" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

அதிகாரியின் பெயரை எங்கேயும் போடாதீர்கள். பதவியும் அறை எண்ணும் மட்டும். மாறுதல் வரும், புதியவர் வருவார், பழையவர் பெயர் திரையில் இருக்கும். அறை எண்ணும் மாறும். ஒழுகுகிறது, வெள்ளையடிக்கிறார்கள், தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று ஏதாவது ஒரு காரணம். எங்கள் மிஷினில் அறையை மாற்றிக் காட்ட வேண்டுமென்றால் சென்னையில் இருக்கிற கம்பெனிக்குக் கடிதம் போட வேண்டும். கடிதம் போய், ஆள் வந்து மாற்றுவதற்குள் அறை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி, "இங்க இல்லம்மா, கீழதான்" என்று கேட்டு இறங்கியவர் அப்புறம் அந்த மிஷினைத் தொடுவாரா? நேராக வந்து என்னைத் திட்டினார்கள். கட்டிடத்திலேயே ஒருவர், இளநிலை உதவியாளரோ யாரோ, தன் போனிலிருந்தே அறை எண்ணை மாற்றுகிற மாதிரி செய்து கொடுங்கள். "கடைசியாகச் சரிபார்த்தது" என்று தேதியும் திரையில் தெரியட்டும். தேதி தெரிந்தால் மாற்ற மறந்தவருக்கே கொஞ்சம் உறுத்தும்.

இன்னொன்று சொல்லணும், சிரிக்காதீர்கள். ஆயுத பூஜை அன்று சுத்தமாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்தி மாலையும் போட்டோம். அன்று சாயங்காலத்திலிருந்து மிஷின் தானாகவே பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தது. சாமி வந்துவிட்டது என்றார் எங்கள் வாட்ச்மேன். மாலையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் அந்தக் கட்டிடத்து வாசலில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். உள்ளே வருகிறவர்கள் வாட்ச்மேனிடம் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள், திருத்தாமல். வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொடுப்பவர் இருப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த வேலைக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிட்கோ_பட்டறை

அக்கா, சாமி வரவில்லை. உங்களுடையது இன்ஃப்ராரெட் வகைத் திரை. சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். மாலை தொங்கினால் அதற்கு அதுவும் ஒரு விரல்தான். பல்லி ஓடினாலும் அப்படித்தான், வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

கே.புதூரில் ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன், ஏழெட்டு கியோஸ்க் பெட்டி அடித்திருக்கிறேன். நிரலன் கேட்டதற்கு வருகிறேன்.

திரை: போனில் இருக்கிற கெப்பாசிட்டிவ் வகையில் பல்லித் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை. காய்ந்து காப்புக் காய்த்த விரலைச் சில நேரம் அது கண்டுகொள்ளாது. ஈரம் பட்டால் உளறும். வாங்குவதற்கு முன் ஒரு கொத்தனாரையும் களை எடுக்கிற அம்மாவையும் கூட்டிப்போய்த் தொடச் சொல்லிப் பாருங்கள். ஆபீஸ்காரர் விரலை வைத்து சோதிப்பது சோதனையே இல்லை.

உயரம்: அமெரிக்க விதியில் தொட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 38 செ.மீ.க்குக் கீழேயும் 122 செ.மீ.க்கு மேலேயும் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கை எட்டுகிற கணக்கு அது. நம் நாட்டிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டிடத்துக்கு இந்தப் பொறுப்பை வைத்திருக்கிறது. உங்கள் 32 அங்குலத் திரையை நிமிர்த்தினால் உயரம் சுமார் 71 செ.மீ. அடி விளிம்பைத் தரையிலிருந்து 70-ல் வைத்தால் மேல் விளிம்பு 141-க்குப் போய்விடும். ஆக மேலே உள்ள ஒரு சாண் இடத்தில் பட்டன் எதுவும் வரக் கூடாது. முத்திரை, தலைப்பு எல்லாம் அங்கே போகட்டும். சக்கர நாற்காலி வந்து நிற்க முன்னால் 76 செ.மீ.க்கு 122 செ.மீ. தரை காலியாக வேண்டும். வளாகத்தில் அந்த இடத்தில்தான் பூந்தொட்டி வைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு: கத்திரி வெயிலில் மூடிய இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரி. அடியில் வலை போட்ட காற்றுத் துளை, உச்சியில் வெளியே தள்ளும் ஃபேன். ராஸ்பெரி பை மாதிரி குட்டிக் கம்ப்யூட்டர் போடுவதாக இருந்தால், சிப் 80 டிகிரி தொட்டதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மக்கள் மிஷின் மந்தமாகிவிட்டது என்பார்கள். வாசலைப் பார்த்துத் திரையை வைக்காதீர்கள். சாதாரண மானிட்டர் வெளிச்சம் 250, 300 நிட்ஸ்தான். வெயில் நேராக அடிக்கிற இடத்தில் படிக்க 1000-க்கு மேல் வேண்டும். விலையும் ஏறும், சூடும் ஏறும். திரையை வடக்கே திருப்பி வைக்கக் காசு செலவில்லை.

கரண்ட்: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்துவார்கள், ஜெனரேட்டர் எடுக்கும், நடுவில் சில விநாடி இருட்டு. அந்தச் சில விநாடியில் எழுதிக்கொண்டிருந்த மெமரி கார்டு செத்துப்போகும். சின்ன யுபிஎஸ் ஒன்று போட்டு, கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டி, கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். தகவல் முழுவதும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். நெட் போனால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று இங்கிலீஷில் காட்டுகிற கியோஸ்க் ஊரெல்லாம் இருக்கிறது.

எர்த்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஈரத் துணியால் தரை துடைக்கிறார்கள், ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இரும்புப் பெட்டியில் கை வைக்கிறார்கள். நல்ல எர்த், கரண்ட் கசிந்தால் 30 மில்லிஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி சுவிட்ச், இரண்டும் இல்லாமல் நான் பெட்டி கொடுப்பதில்லை. எர்த் சரியில்லாவிட்டால் கெப்பாசிட்டிவ் திரையும் தானாகத் தொட்டுக்கொள்ளும், அது தனிக் கதை. யுஎஸ்பி ஓட்டை எதுவும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் போன் சார்ஜர் ஏறிவிடும். பெட்டியின் உச்சி சரிவாக இருக்கட்டும், டீ கிளாஸ் வைக்க முடியாதபடி.

வெண்கோல்

குரல் வசதி காட்சிக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பார்வை கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டரை என்விடிஏ என்ற, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் ஓட்டுகிறேன், இந்தப் பதிவும் அப்படித்தான் எழுதுகிறேன். உங்கள் கியோஸ்க் எனக்கு வழவழப்பான ஒரு சுவர். எங்கே தொட வேண்டும் என்பதே தெரியாதபோது, தொட்டால் பேசும் என்பதால் எனக்கு என்ன பயன்?

ஏடிஎம் எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 2014 ஜூலை முதல் நிறுவும் ஒவ்வொரு ஏடிஎம்மிலும் குரல் வழிகாட்டலும் பிரெய்ல் விசைகளும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. எண் 5-ன் மேல் ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும், அதைத் தடவிப் பிடித்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். உங்களுக்கு அத்தனை விசைகூட வேண்டாம். திரைக்குக் கீழே ஐந்து மேடான பட்டன்கள்: மேலே, கீழே, சரி, பின்னால், இன்னொரு தடவை சொல். வடிவம் ஒவ்வொன்றும் வேறாக இருக்கட்டும். பக்கத்தில் ஹெட்போன் செருகும் துளை. செருகியதும் குரல் தானாகத் தொடங்க வேண்டும்.

ஸ்பீக்கரில் வாசிக்க விடாதீர்கள். ஒரு முறை ஒரு இடத்தில் என் மனு எண்ணைச் சொன்னதும் பெயர், ஊர், கேட்ட உதவித்தொகை என்று மிஷின் ஹாலுக்கே அறிவித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் "கிடைச்சிரும் தம்பி, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனாலும்.

இதே காரணத்துக்காக, ஒருவர் பாதியில் விட்டுப் போனால் ஒரு நிமிடத்தில் திரை அழிந்து முதல் பக்கம் வந்துவிட வேண்டும். அழிவதற்கு முன் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அழிக்கட்டும். மெதுவாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஐந்து பட்டனும் எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். திரை உளறுகிற அன்று அக்கா சொன்ன பெரியவரும் இதில்தான் வேலையை முடிப்பார்.

நிரலன்_அண்ணாநகர்

எல்லோருக்கும் நன்றி. வீடு படத்தை இன்றே தூக்கிவிட்டேன் (என் வரைவிலும் இருந்தது!). பூந்தொட்டியும் ஏற்கெனவே இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தேன். பெயர் வைத்து மனுவைத் தேடும் வசதி வேண்டும் என்று அலுவலகத்தில் விரும்புகிறார்கள். விசைப்பலகை பற்றி யாராவது?

எழுத்தாணி

தமிழ்99 வைக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். 1999-ல் அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. பழகியவர் விரலுக்கு அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் கியோஸ்க் முன்னால் நிற்பவர் வாழ்க்கையில் ஒரு தடவை ஒரு பெயரைத் தட்டப் போகிறார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரிசை அரிச்சுவடி வரிசை ஒன்றுதான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31-ஐயும் அ, ஆ, இ என்றே அடுக்குங்கள். 'க' தொட்டதும் மேலே இன்னொரு வரிசை விரியட்டும்: க், க, கா, கி, கீ என்று கௌ வரை பதின்மூன்று. சுவரில் மாட்டிய பள்ளிக்கூட அட்டவணை மாதிரியே இருக்கும், 247 எழுத்தையும் ஒரே திரையில் கொட்ட வேண்டியதில்லை. ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ மறக்காதீர்கள். மறந்தால் ஜெயராணியும் ஷேக் ஹமீதும் தங்கள் பெயரைத் தேடவே முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்: பெயர்த் தேடலே வேண்டாம். நம் பக்கம் பாதிப் பேர் லட்சுமி, மீதிப் பேர் லெட்சுமி. மனு எழுதியவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், பதிவு செய்தவர் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதற்கு முடிவே கிடையாது. அதோடு கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் 'கொ' என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுகிற நிரலுக்கு வேறு வேறு. நீங்கள் முதலிலேயே இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் கொடிமலர் என்றைக்கும் கிடைக்க மாட்டார். ரசீதில் மனு எண் இருக்கிறது. பத்து எண் பட்டன் போதும். அடுத்தவர் மனுவைப் பெயர் தட்டிப் பார்க்கிற வம்பும் இல்லை.

எழுத்தளவு பற்றி ஒரு வரி. இரண்டடி தள்ளி நிற்பவருக்கு மூன்றரை மில்லிமீட்டர் உயரம் போதும் என்று இங்கிலீஷ் எழுத்துக்குக் கணக்குப் போடுவார்கள். நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் உண்டு. ண, ன வித்தியாசம் தெரிய அதன் இரு மடங்கு வையுங்கள். 'வட்டாட்சியர்' பட்டனுக்குள் அடங்காமல் நடுவில் உடைந்து "வட்டாட்சிய" ஒரு வரியிலும் "ர்" அடுத்த வரியிலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, "தாசில்தார்" என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது.

மேலூர்_மேற்கு

இந்தப் பேச்சில் எங்கள் ஊர் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கியோஸ்க் திறந்தார்கள். சாரி என்று திட்டத்தின் பெயர். சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு. ஹார்வர்டும் எம்ஐடியும்கூட அதில் இருந்தன. நான் அப்போது பள்ளிக்கூடம். கண்ணில் கோளாறு என்றால் வெப்கேமராவில் படம் பிடித்து அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு விண்ணப்பமும் போகும்.

அது நீங்கள் சொல்கிற தனியாக நிற்கிற பெட்டி இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, நடத்துவதற்கு ஊர்க்காரர் ஒருவர். எங்கள் ஊரில் ஒரு அக்கா. ஜனங்கள் கம்ப்யூட்டரிடம் வரவில்லை, அக்காவிடம் வந்தார்கள். கல்யாணம் ஆகி அக்கா வெளியூர் போனார், கியோஸ்க்கும் படுத்துவிட்டது. மற்ற ஊர்களிலும் சில வருடத்தில் பல மூடிவிட்டன. அங்கெல்லாம் வேறு வேறு காரணம் இருந்திருக்கும். விசாரணை மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கியோஸ்க் வைக்கலாம் என்று யாராவது உங்களிடம் யோசனை சொன்னால், கொஞ்சம் மேலூர் பக்கம் வரச் சொல்லுங்கள்.

நிரலன்_அண்ணாநகர்

ஒரு வாரம் முடிந்தது. விசாரணை அக்கா சொன்னபடி வாசலில் நோட்டோடு உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, இரண்டாவது வாங்க வேண்டியதாயிற்று. மனு எழுதுகிற ஐயா டீ வேண்டாம் என்றார், வெற்றிலை வாங்கித் தரச் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தாள் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியதே பன்னிரண்டு பக்கம். உள்ளே போய்ச் சரிபார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம், அதில் அவர் சொன்னதுதான் சரி என்று உள்ளே இருப்பவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். நோட்டில் அதிகம் வந்த கேள்வி பட்டாவும் இல்லை, பென்சனும் இல்லை. "சார் வந்துட்டாரா?" இதற்கு அடுத்தது, "ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?" மூன்றாவது கழிவறை. இரண்டும் மூன்றும் முதல் திரையின் அடியில் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கு கியோஸ்க் என்ன பதில் சொல்லும்?

சிட்கோ_பட்டறை

அறைக்கு ஒரு சுவிட்ச், தட்டினால் திரையில் பச்சை விளக்கு. நானூறு ரூபாய் வேலை. சுவிட்சைத் தட்டுகிற ஆளைப் பட்டறையில் செய்ய முடியாது.

விசாரணை_மேஜை

தம்பி, எங்கள் கட்டிடத்தில் அந்தக் காலத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சட்டம், இந்தப் பக்கம் தள்ளினால் "உள்ளே", அந்தப் பக்கம் "வெளியே". அலுவலக உதவியாளர்தான் தள்ளுவார். அதிகாரி தள்ள மாட்டார். உங்கள் சுவிட்சையும் அவரிடம் கொடுங்கள், அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே. "வந்துட்டார்" என்று நூறு பேருக்கு வாயால் சொல்கிறவர் அவர்தான், ஒரு தடவை தட்டினால் தன் வாய்க்கு ஓய்வு என்றால் தட்டுவார். "கேம்ப்" என்று மூன்றாவதாக ஒன்று வைக்க மறக்காதீர்கள். வெளியே என்று காட்டினால் ஜனங்கள் காத்திருப்பார்கள், கேம்ப் என்றால் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வருவார்கள். பஸ் காசு மிச்சம்.

சீட்டு அடிக்கிற பிரிண்டர் உண்டா என்று கேட்க மறந்துவிட்டேன். திரையில் அறை எண்ணைப் பார்த்துவிட்டு படி ஏறுவதற்குள் மறந்துவிடுகிறது. தாளோடு வந்தவர்கள், கையில் ஒரு தாளைக் கொடுத்தால்தான் நம்பி நகர்கிறார்கள். அறை எண், வேண்டிய தாள்கள், இரண்டும் இருந்தால் போதும். பில் அடிக்கிற அந்த வழுவழுப்புத் தாள்தான் வரும், அதனால் முக்கியமான எதையும் அதில் அடிக்காதீர்கள். வெயிலில் எழுத்து மங்கிப்போகும். பத்திரப்படுத்தவேண்டும் என்று ஒருவர் லேமினேஷன் போடக் கொடுத்து, முழுத் தாளும் கருப்பாக வந்தது.

நிரலன்_அண்ணாநகர்

மூன்று நிலை சுவிட்ச், குறித்துக்கொண்டேன் அக்கா. அலுவலக உதவியாளரிடமே பேசினேன். "பஸ்ஸரும் வைங்க, நான் தட்ட மறந்தா சத்தம் போடட்டும்" என்கிறார்.

நேற்று ராத்திரி புதிய வரைவை அம்மாவிடம் காட்டினேன். அதே கேள்விதான் கேட்டேன். கண்ணாடி போட்டார், முதல் வரியிலேயே "பட்டா" இருந்தது, தொட்டார். அறை எண், எடுத்துப் போக வேண்டிய தாள்கள் எல்லாம் வந்தன. நிதானமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "இத எழுதிக் குடுக்காதா?" என்றார்.

ஒப்பந்தத்தில் பிரிண்டர் இல்லை. நாளைக்கு அதற்காகத்தான் போகிறேன். எண்பது மில்லிமீட்டர் ரோல் பிரிண்டர், தூசிக்கும் சூட்டுக்கும் தாங்குகிற மாதிரி, உள்ளூரில் சர்வீஸ் கிடைக்கிற மாதிரி யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள். ரோல் தீர்ந்தால் யார் மாற்றுவது என்பதையும் நாளைக்கே கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன்.